மட்டத்துக்கு வந்த பதினோரு பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு விருந்தாளி என்று யாரும் வந்ததில்லை. வந்தவர்களெல்லாம் ஏதாவது வேலையாக வந்தவர்கள். புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு கங்காணி வருவார். அம்மை குத்த டாக்டர் வருவார். கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் இயந்திரம் நின்றுபோனால் தட்டிப் பார்க்கக் கண்டியிலிருந்து ஒருவர் வருவார். மற்றபடி வெளியாள் ஒருவர் நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் கால் வைக்க வேண்டுமானால் வெள்ளைக்காரத் துரையின் சீட்டு வேண்டும். என் சித்தப்பா மடுல்சீமையிலிருந்து இரண்டு நாள் நடந்து எங்களைப் பார்க்க வந்தபோதும் அந்தச் சீட்டைத்தான் கேட்டார்கள். ரோட்டோரத்தில் நின்றபடியே பேசிவிட்டு, கொண்டுவந்த வாழைக்காயை அக்கா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பதுளைக்குப் படிக்கப் போகும்வரை இது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் வேறு ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் ஆட வருவார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் சாலைவரை ஓடுவோம். அவர்கள் கைப்பையை வாங்கிக்கொள்வோம், தேத்தண்ணீர் கொடுப்போம், பிறகு ஒரு மரத்தடியில் கூடி அவர்களை எப்படி விழுத்தலாம் என்று குசுகுசுப்போம். தேத்தண்ணீர் கொடுத்த கையாலேயே ஒருவனை அவுட் ஆக்கிவிட்டு, சாயங்காலம் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு வண்டிவரை நடப்பது! இதைவிட நாகரிகமான விஷயம் உலகத்தில் இல்லையென்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் தோட்டத்துக்கே கணக்கப்பிள்ளையாக வந்து சேர்ந்தேன். விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடுவது, மலையில் நின்று கொழுந்து நிறுப்பது, இவ்வளவுதான் வேலை. என்னைப் படிக்க வைத்தவள் அக்கா. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் காய்ச்சலில் போன பிறகு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறியவள், நான் சட்டை போட்டு வேலைக்கு வந்த பிறகும் இறக்கிவைக்கவில்லை. அவள் பறித்த கொழுந்தை நானே நிறுக்க வேண்டும். தராசைப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

வந்த மூன்றாம் மாதமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஊர்களில் கிளாக்கர்களும் வாத்தியார்மாரும் கடைக்காரர்களும் சேர்ந்து கிரிக்கெட் அணிகள் வைத்திருந்தார்கள். முறை வைத்து ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் ஆடினார்கள். அதற்கு லீக் என்று பெரிய பெயர். அந்தச் சுற்றில் எங்கள் தோட்டமும் சேரவேண்டும் என்ற ஆசை காய்ச்சல் மாதிரி என்னைப் பிடித்துக்கொண்டது. அவர்களுடைய கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இரண்டே வரியில் வந்தது. தீபாவளி கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை பதுளை அணி வந்து உங்கள் நிலத்தில் ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கும். ஆட்டம் தொடங்கி ஒழுங்காக முடிந்தது என்று அவர்களுடைய கேப்டன் எழுதிக் கொடுத்தால், வருஷந்தோறும் நாலு அணிகள் உங்கள் ஊருக்கு வரும்.

நாலு அணி. ஒவ்வொன்றிலும் பதினோரு பேர். நாற்பத்து நாலு விருந்தாளிகள்! கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். நடக்கும்போதெல்லாம் அது சரசரவென்றது.

பெரகல சந்தியிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கும் ரோட்டுக்கு மேலே எங்கள் தோட்டம். அதில் சமதரை என்று ஒரே ஓர் இடம்தான் உண்டு. காப்பிக் காலத்தில் கொட்டை காயவைத்த இடம் என்பார்கள். காப்பி செத்துத் தேயிலை வந்த பிறகு அங்கே மாடுகள் படுத்துக் கிடந்தன. அந்த இடத்துக்கு எல்லோரும் சொல்லும் பெயர் மட்டம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. வானம் தெளிந்திருந்தால் அங்கே நின்று தெற்குச் சமவெளி முழுவதையும் பார்க்கலாம். பந்து அந்தப் பக்கம் போனால், பந்தை மறந்துவிட்டு வேறு பந்து எடுக்க வேண்டியதுதான்.

துரையிடம் கேட்கப் போனேன். அவர் புகைக் குழாயை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"வெளயாட்டா? சரி, வெளயாடு. வெளி ஆள் லயத்துக்குப் போகக்கூடாது. மட்டத்துக்கு வா, மட்டத்துலருந்து போ. சரியா?"

"சரிங்க தொரை."

அந்தச் சட்டம் எனக்கு வசதியாகவும் இருந்தது. இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பதுளையில் அரசாங்கக் கச்சேரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறவர்கள் எங்கள் லயத்தைப் பார்க்க வேண்டாமென்று என் மனசுக்குள் இருந்தது. அந்தப் புகை படிந்த கதவுகள், வாசலோடு ஓடும் அழுக்குத் தண்ணீர்க் கான், ஒரே கூரையின் கீழே பன்னிரண்டு குடும்பம். அவர்களில் யார் யார் எங்கள் கையால் வாங்கிச் சாப்பிடுவார்கள், யார் யார் மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். பெரகல சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம்காரர், எல்லோருக்கும் நானா, அவர்தான் எங்கள் விக்கெட் கீப்பர். முப்பது வயசு, தொப்பை உண்டு, ஆனால் கை பலாப்பால் பூசிய மாதிரி; பந்து ஒட்டிக்கொள்ளும். வருகிறவர்கள் சனிக்கிழமை ராத்தங்கல் அவர் கடை மாடியில். ஞாயிறு மத்தியானம் அவர் கடையில் நெய்ச்சோறு.

அக்கா விடவில்லை.

"எத்தன பேருடா வர்றாங்க?"

"பதினோரு பேரு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. சாப்பாடெல்லாம் நானா கடையில."

"ஏன், நாங்க ஆக்குனா தொண்டையில எறங்காதாக்கும்?"

"அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மட்டத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் வேலை செய்தோம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள், ஸ்டோர்க்காரர்கள் என்று, என்னையும் நானாவையும் சேர்த்துப் பதினோரு பேரைத் தேற்றிவிட்டேன். அதில் ஐந்து பேர் பேட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்குப் பேட் ஒரு பாரமா? மாட்டுச் சாணத்தை வாரினோம், மேட்டைச் செதுக்கினோம், அலவாங்கு போட்டுக் கல் பெயர்த்தோம். நடுவில் இருபத்திரண்டு கஜத்துக்கு மண்ணைத் தோண்டி, ஆற்றோரத்தில் பாம்பு விட்டுப்போன பழைய புற்று ஒன்றை உடைத்துக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினோம். புற்றுமண் மாதிரி இறுகும் மண் வேறு கிடையாது. திமிசுக் கட்டையால் வரிசையாக நின்று குத்தினோம். உருளைக்கு எங்கே போவது? நானா தன் கடையிலிருந்து ஒரு தேங்காய் எண்ணெய்ப் பீப்பாயைத் தந்தார். அதில் கல்லை நிரப்பி உருட்டினால், பலகை இடுக்கில் மிச்சமிருந்த எண்ணெய் கசிந்து பிட்ச் முழுதும் மினுமினுத்தது. மறுநாள் காலையில் தோட்டத்து நாய்கள் அத்தனையும் வரிசையாக நின்று பிட்சை நக்கிக்கொண்டிருந்தன.

"வெரட்டாதீங்க தம்பி," என்றார் நானா. "ஒங்கட மெஷினவிட நல்லா மட்டம் பண்ணுது."

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. விரல் நகத்தால் சுரண்டினாலும் தூள் எழாத பிட்ச். இரண்டு பக்கமும் மும்மூன்று ஸ்டம்பு, நானே சீவியவை. பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அக்கா கேட்டாள், "எங்க நிப்பாங்க?" நான் பெருமையாகக் காட்டினேன். "இங்க நிப்பாங்க. இந்தா, இதுலதான் ஓடுவாங்க. ஆட்டம் பூரா இந்தத் தடத்துலதான்." அவள் தலையாட்டிக்கொண்டாள். என்னவோ புரிந்துகொண்ட மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கருக்கலிலேயே நான் பெரகலவுக்குப் புறப்பட்டுவிட்டேன். பதுளைக்கு இன்னும் ரயில் வரவில்லை. வந்தவர்கள் பண்டாரவளைவரை குதிரைக் கோச்சு வண்டியிலும், அங்கிருந்து ஹப்புத்தளைக்கு ரயிலிலும், பிறகு இறக்கத்தில் நடந்தும் வந்து களைத்திருந்தார்கள். ஆனாலும் காலையில் குளித்து, வெள்ளை உடுப்பு உடுத்தி, நானா கடை வாசலில் கொக்குக் கூட்டம் மாதிரி நின்றார்கள். கேப்டன் கச்சேரியில் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடியும் குடையுமாக. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தேன். எந்தப் பக்கம் காற்றடிக்கும், எந்தக் கல்லில் பந்து பட்டால் எங்கே திரும்பும் என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். நானா பின்னாலிருந்து என் சட்டையை இழுத்துப் பார்த்தார், நான் நிறுத்தவில்லை.

கடைசித் திருப்பம் ஏறினோம். மட்டம் தெரிந்தது.

பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், தீபாவளிச் சேலையில், பிட்சுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். இருபத்திரண்டு கஜமும் சாணி தெளித்துக் கரும்பச்சையாகப் பளபளத்தது. அதன் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அரிசி மாவில் கோலம். தேர், தாமரை, கொடி, மறுபடி தேர். ஆறு ஸ்டம்புகளுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மாவிலை கட்டியிருந்தது. பந்தலுக்குக் கால் நடும்போது செய்வார்களே, அதே மாதிரி.

கேப்டன் குடையை மடக்கினார்.

"தம்பி, நீர் எங்களை மாட்சுக்கோ கூப்பிட்டனீர், கலியாணத்துக்கோ?"

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். நான் ஓடிப்போய்க் குதிகாலால் பிட்சை அழுத்தினேன். குதிகால் உள்ளே போனது. எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினார்களோ! ஒரு மாதத்து உழைப்பு கூழாகிக் கிடந்தது.

"யாரு ஒங்கள இதச் செய்யச் சொன்னா?" என்று கத்தினேன். "அறிவிருக்கா? ஒண்ணும் செய்ய வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

விருந்தாளிகள் எதிரில், எல்லோரும் கேட்கக் கத்தினேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஆக்க வேணாம்னுதான் சொன்ன. பெருக்க வேணாம்னு சொல்லலியே. ஆளுங்க வர்ற வாசல வெறுசா போட்டு வைக்கவா?"

"இது வாசல் இல்லக்கா! பிட்ச்!"

"நீதானடா இதுல நிப்பாங்க, இதுலதான் ஓடுவாங்கன்ன. வர்றவங்க கால் படுற எடம் வாசல் இல்லாம என்னா?"

ஏழு வருஷம் படித்த படிப்பில் எந்தப் பக்கத்திலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

கேப்டன் குனிந்து மண்ணைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். "வெயில் வந்தால் காயும். பாப்பம்" என்றார். கோலத்தைச் சுற்றி நடந்து போய் மலையோரத்து நிழலில் உட்கார்ந்தார். மற்ற பத்துப் பேரும் அவர் பின்னால் போனார்கள். ஒருவர்கூடக் கோலத்தில் மிதிக்கவில்லை. அதைக் கவனித்தவள் அக்கா. எனக்கு அப்போது அதைக் கவனிக்கும் புத்தி இல்லை.

வெயில் வருவதும் போவதுமாக இருந்தது. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. நான் பிட்சுக்கும் ஆட்களுக்கும் நடுவில் நடந்து நடந்து தேய்ந்தேன். கோணியைப் போட்டு ஒற்றினோம், ஸ்டோரிலிருந்து சாம்பல் கொண்டுவந்து தூவினோம். விருந்தாளிகளுக்குப் பசி வந்துவிட்டது. நானா என் காதருகில் வந்தார்.

"தம்பி, நெய்ச்சோறு அங்க ஆறிக்கிட்டு ஈக்கி. இவங்கள ரெண்டு மைல் ஏத்திக்கொண்டு போனா மறுபடி எறங்கி வரமாட்டாங்க. இங்கேயே ஏதாச்சும் குடுக்கணும்."

நான் அக்காவைத் தேடித் திரும்பினேன். அவளையும் காணோம், மற்றப் பெண்களையும் காணோம். லயத்துப் பக்கமிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

விருந்தாளிகள் லயத்துக்குப் போகக்கூடாது என்பதுதான் சட்டம்; லயம் மட்டத்துக்கு வரக்கூடாது என்று துரை சொல்லவில்லை. தலையில் பானையும் கையில் வாழையிலையுமாக அவர்கள் ஏறி வந்தார்கள். சோறு, பலாக்கொட்டைக் குழம்பு, கீரை, ரசம். தீபாவளிக்குச் சுட்டு மிச்சமிருந்த அதிரசமும் முறுக்கும். புல்லில் இலை போட்டார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் தங்களுக்குப் பசியில்லை என்று பள்ளத்தாக்கைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். நான் பயந்தது அதுதான். ஆனால் நடந்தபோது அது அவ்வளவு பெரிதாக இல்லை. அக்கா அந்த இரண்டு இலையையும் சுருட்டி எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். கேப்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று தடவை ரசம் கேட்டார்.

"அக்கா, இது என்ன ரசம்?"

"மொளகு ரசந்தாங்க, ஐயா. பனிக்கு நல்லதுங்க."

"எங்கட பக்கத்து வெயிலுக்கை இதைக் குடிச்சால் பனி போகாது, ஆள்தான் போகும்!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா சிரித்தாள். ஒரு பெண் தைரியம் வந்து கேட்டாள், "ஐயா, அந்தக் கட்டைய வச்சு எதுக்குங்க பந்த அடிக்கிறீங்க? கையில பிடிச்சாப் போதாதா?" கேப்டன் முறுக்கை ஸ்டம்பாக நட்டு, பாதி அதிரசத்தைப் பந்தாக உருட்டி, கிரிக்கெட்டை முழுதாக விளக்கினார். நான் ஒரு ஓரத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஆசைப்பட்டது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. எனக்கோ பிட்ச் காய வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அந்த ஒரு மணி நேரம் திரும்பி வராதா என்று இப்போது எத்தனை தடவை நினைக்கிறேன். வந்தால் நானும் ஒரு இலைக்கு முன்னால் உட்காருவேன்.

இரண்டரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. டாஸ் வென்று அவர்கள் பேட் எடுத்தார்கள். நான் ஓடி வந்து போட்ட முதல் பந்து ஈர மண்ணில் விழுந்து எழாமல் வழுக்கிக்கொண்டு போய் நடு ஸ்டம்பைச் சாய்த்தது. மாவிலை பறந்தது. நானா பந்தை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்க மஞ்சள். "பந்துக்கும் கலியாணம் முடிஞ்சிட்டு!" என்று கத்தினார். எனக்குச் சிறகு முளைத்தது. முடிந்துவிடும், ஆட்டம் நடந்து முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஆறாவது ஓவரில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது. ஐப்பசியில் அது வரும், எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக அது ஏறும்போது மலையில் வேலை முடிந்திருக்கும். முதலில் பந்து பிடிக்க நின்றவர்கள் மறைந்தார்கள், பிறகு அம்பயர், பிறகு அந்தக் கோடி ஸ்டம்பு. நான் ஓடத் தொடங்கினேன். வெள்ளைக்குள்ளிருந்து நானாவின் குரல் மட்டும் வந்தது. "தம்பி, பந்து வருதா, நீங்க வாறீங்களா? சொல்லிட்டு வாங்க!"

அரை மணி நேரம் காத்திருந்தோம். விலகவில்லை. அவர்களுக்கு ஹப்புத்தளையில் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும்.

பெரகல சந்திவரை கூடவே நடந்தேன். கேப்டன் என் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார், நான் கனவு கண்ட மாதிரியே.

"தம்பி, உம்மட நிலம் நல்லம். சாப்பாடு அதைவிட நல்லம். ஆனால் கமிட்டிக்கு நான் என்னத்தை எழுதுறது? ஆட்டம் முடியேல்லை எண்டுதானே எழுதலாம்."

"இன்னொரு தடவ வந்து ஆடிப் பாருங்களேன், ஐயா."

"இவ்வளவு தூரம் இன்னொருக்கா வரச் சொன்னால் பொடியள் மாட்டினம். நீங்கள் அங்கை வாருங்கோ. எப்ப வேண்டுமெண்டாலும் வாருங்கோ."

அன்பாகத்தான் சொன்னார். ஏற்றமென்று நானா பிடித்துக் கொடுத்த வண்டியில் ஏறிய பிறகும் கையசைத்தார்.

திரும்பி வரும் வழியில், தோட்டத்துக்குப் பிரியும் இடத்தில், அக்கா தலையில் கோணியைக் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். காலையில் கத்தியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மறுபடி எப்ப வருவாங்களாம்?"

"வரமாட்டாங்கக்கா."

அவள் கோணியை முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

"நாங்க தண்ணி ஊத்துனதாலயா?"

"இல்ல. பனியால."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு பாத்திரக் கணக்குப் போடுகிற குரலில் சொன்னாள், "அப்ப மாசியில கூப்புடு. மாசியில பனி எறங்காது. பலாக்கொட்டை கெடைக்காது, ஆனா மொச்ச கெடைக்கும்."

மாசிக்கு எழுதினேன். கச்சேரிக் காகிதத்தில், கேப்டனின் அழகான கையெழுத்தில், இந்த வருஷச் சுற்று முன்பே தீர்மானமாகிவிட்டது என்று பதில் வந்தது. கீழே தனியாக ஒரு வரி, அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று. அதை வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அடுத்த மாசிக்கும் எழுதினேன். அதற்கும் பதில் வந்தது, சின்னதாக. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொள்கிறோம். பிட்ச் நன்றாக இறுகிவிட்டது. பெண்கள் அதைச் சுற்றித்தான் போகிறார்கள், குறுக்கே போவதில்லை.

இந்த மாசிக்கு எழுதியதற்குப் பதில் இல்லை. தினமும் நான் தபால்காரனை எதிர்கொண்டு ரோட்டுக்குப் போவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவங்க வெலாசம் மாறியிருக்கும்டா," என்றாள் நேற்று.

கச்சேரிக்கு விலாசம் மாறாது என்று நான் அவளிடம் சொல்லவில்லை.